கூட்டல் குறி

நாரின் ஆற்றுக்கு மேலே எங்கள் பள்ளி.
சனிக்கிழமை. ஆசிரியர் அறையில் பதினொரு பேர்.
நிலக்கரி அடுப்பு இருமுகிறது,
ப்ரொஜெக்டர் இன்னும் கண் திறக்கவில்லை.
தெரிந்த உத்திகளை மற்றவர்களுக்கும் சொல்
என்று மாவட்ட அலுவலகம் எழுதியிருக்கிறது.
சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்,
மின்சாரம் நான்கு மணிவரைதான்.

முதலில் இந்தக் கண்ணாடித் தம்ளர்.
கைப்பேசியைத் தலைகீழாக இதற்குள் நிறுத்துங்கள்.
ஒலிபெருக்கிக்குப் பணம் வரும்வரை
கடைசி பெஞ்சுக்கும் பாடம் கேட்கும்.

எழுதுவதைத் திரையில் காட்டக் கேமரா இல்லையா?
இருபுறமும் பழைய இயற்பியல் புத்தகங்கள்,
மேலே குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டு,
அதன்மேல் கைப்பேசி, கண் கீழ்நோக்கி.
என் மாமியார் வீட்டில் ஒரு தட்டு குறைகிறது.
ஜிபார், சிரிக்காதே. அவருக்கு இன்னும் தெரியாது.

வீடியோக்களைப் பகலில் திறக்காதீர்கள்.
சுற்றிச் சுற்றி நிற்கும் அந்த வளையத்தைப் பார்த்தே
ஏழாம் வகுப்பு வட்டத்தின் பரப்பளவை வெறுத்துவிட்டது.
படுக்கப்போகுமுன் இறக்கத்துக்குப் போட்டுவிடுங்கள்,
ஊர் அடங்கினால் வலைக்குக் கால் முளைக்கும்.
அப்படியே பத்து மணிக்கு மேல்
அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள்.
ஆசிரியருக்கும் தூக்கம் என்று ஒன்று உண்டு.

நகத்தளவு அட்டைக்குள் ஒரு கலைக்களஞ்சியம் அடங்கும்.
கிர்கிஸ் மொழியில் கட்டுரைகள் குறைவுதான்;
பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.
பனிச்சிறுத்தை பற்றி ஒன்பதாம் வகுப்பு எழுதியதில்
நான் இரண்டு காற்புள்ளிகளை மட்டுமே மாற்றினேன்.

நம் பதினொரு பேருக்கும் ஒரே கடவுச்சொல்.
பள்ளியின் எண். வாசல் பலகையில்
ஆட்டுக்குக்கூடத் தெரியும் அளவில் எழுதியிருக்கிறது.
மாற்றுங்கள்.

அடுத்து, வருகைப் பதிவு.
தாளில் ஒரு வரிதான் எழுதி வந்தேன்.

கணவாய் மூடிக்கிடந்த வாரங்கள் நினைவிருக்கும்.
வாட்ஸ்அப்பில் வகுப்பு, காலை எட்டரைக்கு.
'இருக்கிறேன்' என்பதற்கு ஒரு கூட்டல் குறி.
ஒன்றன்கீழ் ஒன்றாய் விழும்,
வேலிக்கு முளை அடித்ததுபோல்.
ஒன்பதுக்குப் பூட்டும் படிவம், நானே செய்தது;
வராதவர் பெயருக்குத் தானே சிவப்புப் பூசும்.
உங்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினேனே, அதுதான்.
அதில் பயாஸ்தான் பதினெட்டு நாள் சிவப்பு.

ஏப்ரலில் கைப்பேசியில் இடம் தீர்ந்தது.
பழைய செய்திகளை அழிக்க உட்கார்ந்தவள்
கட்டைவிரலை நிறுத்தினேன்.
இரவு ஒன்று நாற்பதுக்கு ஒரு கூட்டல்.
மறுநாள் இரண்டு பதினான்குக்கு ஒன்று.
ஒவ்வொன்றின் கீழும் மங்கலான படம்:
சப்பாத்துப் பெட்டி அட்டையில் செய்த கணக்கு,
ஓரத்தில் மெழுகுவத்தியின் நிழல்.
எண்ணினேன். பதினெட்டு.

அந்த வீட்டுக்கு ஒரே கைப்பேசி,
அது அப்பாவோடு பனிவாரும் வண்டியில் போகும்.
நமக்காகக் கணவாயைத் திறந்துகொண்டிருந்தவர் அவர்.
அவர் வீடு திரும்பியதும் பையன் எழுந்து
'இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறான்,
மறுநாளைக்கான பாடங்களை ஓசையில்லாமல்
இறக்கிக்கொண்டிருந்த என் கைப்பேசியிடம்.

திருத்தப் போனேன்.
பதிவேடு மாவட்டத்துக்குப் போய்விட்டது,
மூடிய மாதத்தைத் திறக்க விதியில்லையாம்.
ஆகவே காகிதத்தில்
அவன் இன்றைக்கும் வரவில்லை.

படிவத்தில் பூட்டும் நேரம் என்றொரு கட்டம் இருக்கும்.
வெறுமையாக விடுங்கள்.

மெதெர்பெக் கை தூக்குகிறார்:
"அப்படியானால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?"
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

நான்கு மணி. ப்ரொஜெக்டர் அணைகிறது.
தம்ளரிலிருந்து கைப்பேசியை எடுக்கிறேன்.
யாருக்குத் தேநீர்?